கொக்கி வைக்காத கூரை

எலக்ட்ரீஷியன் கூரையைத் துளையிட, உதிரும் சிமெண்ட் தூளின் வாசனை, ஓசூரில் இந்த வீட்டைக் கட்டிய என் பள்ளி நாள்களுக்கு என்னைக் கொண்டுபோகிறது. ராமநாதபுரத்து வெயிலுக்குத் தப்பித் தொழிற்சாலை வேலைக்கு இங்கே வந்த அப்பாவிடம், "ஃபேன் மாட்டக் கொக்கி வைக்கலாங்களா சார்?" என்று மேஸ்திரி கேட்டார். "எதுக்கு மேஸ்திரி, கம்பளியத் தொங்கவிடவா?" என்று அப்பா சிரித்தார்.

மே மாத இரவுகளிலும் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, புவி வெப்பமயமாதலால் முதலில் பாதிக்கப்படும் இடங்களை, துருவங்கள், தீவுகள், பாலைவனங்கள் என்று நான் உரக்கப் படிப்பேன். "பாவம் ஆத்தா, அந்தச் சனங்க" என்று சொல்லி, அப்பா என் போர்வையை இழுத்துப் போர்த்திவிடுவார்.

நேற்றைய அனலில் இந்தக் கூடத்திலேயே மயங்கி விழுந்தவர் எழவில்லை. துக்கத்துக்கு வருபவர்கள் புழுங்குவார்களே என்று இன்று கொக்கி மாட்டுகிறோம். ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படியும் தூளைத் துடைக்கிறேன், உள்ளங்கை சில்லிடுகிறது. உள்ளே அப்பா போர்வையில்லாமல் படுத்திருக்கிறார்.