பெரியப்பா தேடிய சுபேதார்

எங்கள் பெரியப்பா வாழ்நாளில் கையில் எடுத்த ஒரே ஆயுதம் பனையோலை விசிறி. சிதம்பரத்தில் அரிசிக் கடை வைத்திருந்தார். மூட்டையைக்கூட அடுத்தவன்தான் தூக்குவான். அப்படிப்பட்டவருக்கு, சீனாக்காரன் சண்டை முடிந்த கையோடு, நம் குடும்பம் பட்டாளத்துக் குடும்பம் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது.

எப்படியோ என்ன, காரணம் எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர் மகன் எல்லையிலிருந்து லீவில் வந்தபோது தெருவே திரண்டு மாலை போட்டது. மேடையில் அவன் தகப்பனுக்கு நாற்காலி, எங்கள் பெரியப்பாவுக்குக் கீழே பெஞ்சு. மறுநாளே எங்கள் வம்சத்தில் ஒரு சுபேதார் முளைத்துவிட்டார். தேவனாம்பட்டினம் கோட்டையில் கும்பினிப் பட்டாளத்தில் இருந்தவராம். வெள்ளைக்காரத் துரையே எழுந்து நின்று சல்யூட் அடிப்பானாம். ஆதாரம், பரணில் கிடந்த துருப்பிடித்த கத்தி. அதை நாங்கள் பலாப்பழம் வெட்டத்தான் எடுப்போம்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், வேலையும் இல்லை. ஆகவே சுபேதாரைக் கண்டுபிடிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரியப்பாவும் நானும் பாசஞ்சர் ரயிலில் போய்த் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, அங்கிருந்து ஜட்கா வண்டியில், அந்தக் கோட்டைக்குப் பக்கத்து மஞ்சக்குப்பம் போவோம். பழைய பட்டாளத்துக் காகிதங்களும் ஜில்லா ரிக்கார்டுகளும் கட்டுக்கட்டாகக் கிடந்த ஓர் ஆபீஸ் அங்கே இருந்தது. பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது, மீதியை நான் படித்தேன்.

எங்கள் வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். அதனால் இரண்டே பெயர்கள்தான் மாறி மாறி வரும். அந்தப் பெயர்களில் ஒரு சமையற்காரன் அகப்பட்டான். ஒரு மாட்டுவண்டிக்காரன் அகப்பட்டான். குடித்துவிட்டுக் கசையடி வாங்கிய ஒரு சிப்பாயும் அகப்பட்டான்.

“இவுரு நம்ம ஆளு இல்ல, மேல பாரு” என்பார் பெரியப்பா, விசிறிக்கொண்டே. முன்னோரில்கூட அவருக்குப் பொறுக்கி எடுத்த சரக்குதான் வேண்டும்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து நிஜமாகவே ஒருவர் பட்டாளத்துக்குப் போயிருந்தார். பெரியப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அவள் புருஷனுக்குத் தாய் தகப்பன் கிடையாது, வீட்டோடு மாப்பிள்ளை. அரிசிக் கடையில் சம்பளமில்லாமல் உழைத்து, இலையில் உட்காரும்போதெல்லாம் குத்தல் பேச்சு வாங்கியவர், ஜப்பான்காரன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்துவிட்டார். கொஞ்ச காலம் மணியார்டர் வந்தது. பிறகு நின்றுபோனது. மாமா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே அத்தை தினமும் குங்குமம் வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் நாங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது அத்தை வாசலுக்கு வந்தாள்.

“அண்ணே, எந்தக் காலத்துலயோ செத்துப்போனவரத் தேடி அம்மாந்தூரம் போறியே, அப்டியே உன் மச்சானப் பத்தியும் ஒரு வார்த்த கேட்டுட்டு வாயேன்.”

“ஆவட்டும் பாக்கலாம்” என்றார். அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கடுத்த தடவையும் கேட்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மனிதரிடம் இனிப் பேசிப் பயனில்லை என்று, அடுத்த முறை அத்தையையும் நான் ரயிலேற்றினேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஆபீஸ் குமாஸ்தா, “ஆளு பேரு இன்னா?” என்று கேட்டார்.

எனக்கு அவர் மாமா, அவ்வளவுதான். பெரியப்பாவைப் பார்த்தேன்.

“மச்சான்னுதான் கூப்புடுவேன்... தெருவுல தம்பிம்பாங்க” என்று இழுத்தார். ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற மனிதர், சொந்தத் தங்கை புருஷன் பெயர் தெரியாமல் முழித்தார். அந்தப் பலாப்பழக் கத்தி அப்போது என் கையில் இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

அத்தை புருஷன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட நட்சத்திரத்தை மட்டும்தான் சொல்வாள். ஆனால் மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் அந்தப் பெயரைப் படித்துத்தான் கைநாட்டு வாங்குவார். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

குமாஸ்தா நெடுநேரம் தேடி ஒரு மெல்லிய காகிதக் கட்டை எடுத்து வந்தார். பட்டாளத்திலிருந்து வந்த கடிதம் அதில் இருந்தது. மாமா பர்மாவில் இறந்துவிட்டார், மனைவிக்குப் பென்ஷன் சேர வேண்டும், எங்கள் வீட்டு விலாசத்தில் விசாரித்து எழுதவும் என்று இந்த ஆபீஸைக் கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, ஆபீஸ் சேவகன் வந்து எழுதி வாங்கிப்போன பதில், தமிழில்: “மேற்படி பெயருள்ள நபர் எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை.” அதன் அடியில், கடை பில்லில் போடுகிற அதே வால் நீண்ட கையெழுத்து.

“கடையில ஜாஸ்தி கும்பல். எவனோ வந்து கேட்டான், தெரியாத பேரா இருந்துச்சு...” என்றார் பெரியப்பா. வீட்டுக்குள் வந்து பெண்பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமே!

நான் அத்தைக்கு எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன், அந்தப் பதிலையும் விடாமல். அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

துக்கம் விசாரிக்கத் தெரு ஜனங்கள் வந்தார்கள், எதிர்வீட்டுக்காரரும் வந்தார். பெரியப்பாவுக்குச் சுபேதார் மறந்தே போய்விட்டார். கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

“நம்ம குடும்பமே பட்டாளத்துக் குடும்பம்தான். எங்க மச்சான் பர்மா சண்டையில உயிரையே குடுத்தாரு, தெரியுமில்ல?”

உள்ளே படுத்திருந்த அத்தை எழுந்து கூடத்துக்கு வந்தாள்.

“அப்டி ஒரு ஆளே நம்ம வூட்டுல இல்லன்னு நீதானண்ணே கையெழுத்து போட்டுக் குடுத்த?”