ஏழு பங்காளிகளின் பின்கதவு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய், பிசாசு என்று பயப்படுகிற ஆள் இல்லை நான். ஆனால் இதை என் கண்ணால் பார்த்தேன்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக்கி நடத்துகிறார்கள். மேனேஜர் நான், சாலமன். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்கதவின் தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காகிறது. புதிதாகப் போட வீட்டுக்குச் சொந்தக்காரர்களான ஏழு பங்காளிகளும் சம்மதிக்க வேண்டுமாம். ஒருவர் சரி என்றால் இன்னொருவர் முறுக்கிக்கொள்வார். ஒரு தாழ்ப்பாளுக்கு இந்தப் பாடு! கேட்டுக் கேட்டு எனக்கு வாய்தான் வலித்தது.

போன மாதம் ஒரு ராத்திரி அந்த வழியாகத் திருடன் புகுந்தான். பின்கட்டு அறையில் தங்கியிருந்த ஞானபூரணி டீச்சரைக் குத்திக் கொன்றுவிட்டு நகையோடு போய்விட்டான். பாதுகாப்பு இல்லாமல் விட்டதாக டீச்சரின் வீட்டார் வழக்குப் போட்டார்கள். முதல் பிரதிவாதி யார்? நான்தான்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பங்காளிகளில் மூத்தவர் நாச்சியப்பன் போன் செய்தார்.

"சாலமன், டீச்சரே கதவத் தொறந்து போட்டுட்டாகன்னு ஒரு பேப்பர் அனுப்பியிருக்கேன். கையெழுத்துப் போட்டுருங்க. நீங்களும் தப்பிச்சிருவீக."

"மொதல்ல தாழ்ப்பாள மாத்தலாமாய்யா?"

"மத்தவுகளக் கேக்கணும்ல."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஓட்டலை மூடியிருந்தோம். மறுநாள் நட்டநடுப் பகல், 12.20. கரண்ட் இல்லை. வீட்டில் நான் மட்டும்.

பின்கட்டில் சத்தம். டொக்... டொக்...

போய்ப் பார்த்தேன். தெருப்பக்கமிருந்து யாரோ கதவைத் தள்ளினார்கள். விரலால் தொட்டாலே உள்ளே திறந்துகொள்ளும் கதவு அது.

திறக்கவில்லை.

கொஞ்சம் உள்ளே வரும்... உடனே பட்டென்று மூடும். உள்ளேயிருந்து யாரோ எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி.

உள்ளே நான் மட்டும்தான். அதுவும் பத்தடி தள்ளி.

மூச்சிரைக்கும் சத்தம்... பெண்ணின் மூச்சு.

கதவடித் தூசியில் இரண்டு குதிகால் தடம்... என் கண்ணெதிரே வழுக்கி வழுக்கி நீண்டது.

"யார்றா அது!"

தெருவில் யாரோ ஓடினார்கள்.

பிறகு... அமைதி. கதவு தானாகத் திறந்துகொண்டது.

என் பைக்கைப் பூட்டும் சங்கிலியைக் கொண்டுவந்து கதவைப் பூட்டினேன். எந்தப் பங்காளியையும் கேட்கவில்லை. போங்கடா!

நாலாம் நாள் திருடன் பிடிபட்டான். எஸ்.ஐ. வேல்பாண்டி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஓட்டல் மூடிக் கெடக்குன்னு ரெண்டாந்தடவ பகல்ல வந்திருக்கான் சார். உள்ள ஒரு பொம்பள கதவுக்கு முட்டுக் குடுத்துச்சாம். அன்னைக்கி மாதிரியேன்னு சொல்லி நடுங்குறான்."

"அன்னைக்கி மாதிரின்னா?"

"டீச்சர் கதவத் தொறக்கல சார். முதுகக் குடுத்துக் கால் மணி நேரம் தடுத்திருக்காக. மேனேஜர் சார், மேனேஜர் சார்னு கூப்பிட்டுக்கிட்டே..."

டீச்சர் கூப்பிட்ட அன்று ராத்திரி நான் முன்கட்டில்தான் படுத்திருந்தேன். அவ்வளவு நீள வீடு. ஒரு சத்தம்கூட என் காதில் விழவில்லை.

நாச்சியப்பன் அனுப்பிய பேப்பரில் நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த டீச்சர் கூப்பிட்டது என்னைத்தானே.