பீரோக் கதவில் இருந்த பேர்

செல்லக்கிளிக்குக் கோபம் வந்தால் பெயிண்ட் டப்பாவைத் திறப்பாள். பாத்திரம் உருளாது, வாசலில் சத்தம் இருக்காது. உப்புத்தாளால் பலகையைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்கும். "இன்னைக்கு யாரு மேலயோ காஞ்சுக்கிட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள் எதிர்வீட்டு ஒச்சம்மாள்.

போடி பஜாரின் பழைய சாமான் கடைகளில் கால் ஆடும் நாற்காலி, கதவு தொங்கும் அலமாரி என்று எதையாவது பிடித்து வந்து, அதில் படம் எழுதி உயிர் கொடுப்பாள். யாரிடமும் போய்ப் படித்தவள் இல்லை. கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் தொழிலைக் களவாண்டவள். புருசன் திருப்பதி ஓட்டும் ஜீப்பின் பின்கதவில் பெயிண்டர் சின்ராசு வரைந்த புலியைப் பார்த்துத்தான் மிருகத்துக்குக் கண் வைக்கப் பழகினாள். பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீம் ரோசாப்பூ பிழிகிறவரின் கையை, வாங்கிய டீ ஆறிப்போகும் வரை பார்த்து நின்று, வீட்டுக்கு வந்து பிரஷ்ஷை அப்படியே சுழற்றினாள். ஒச்சம்மாள் கோலத்தில் ஒரே மூச்சில் இழுக்கிற கோடு மட்டும் இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. "இவங்கள எல்லாம் ஆர்டிஸ்ட்டுன்னு எவனாச்சும் சொல்றானா?" என்று அதற்கும் ஒரு கோபம்.

மகள் பவதாரணிக்குக் கல்யாணம் முடிவானபோது, அவளோடு போகவேண்டிய பீரோ துருவேறி நின்றது. அது பவதாரணி பெரிய மனுசியானபோது தாய்மாமன் அழகுராஜா கொண்டுவந்த சீர். கொட்டு என்ன, வெடி என்ன, மினி லாரியில் பீரோ என்ன! கதவில், தெருமுனையில் நிற்கிறவனும் படிக்கிற அளவுக்குச் சிவப்பு எழுத்து: தாய்மாமன் சீர், சி. அழகுராஜா. சீரில் பேர் போடுவது ஊர் வழக்கம்தான். ஆனால் அந்தப் பீரோ யார் உழைப்பில் வந்தது என்று செல்லக்கிளிக்குத் தெரியும். அந்த வருசம் அண்ணன் சீட்டுக்கட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். மதினி மகாராணிதான் விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு, போடிமெட்டு மலை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய், மழையில் காயெடுத்தாள். ஏலம் செடியின் அடித்தூரில், மண்ணை ஒட்டித்தான் காய்க்கும். காயெடுக்கிறவள் நாள் முழுக்க மண்ணைப் பார்த்தே குனிந்து கிடக்க வேண்டும்.

துருவுக்காகத் தேய்க்க ஆரம்பித்த செல்லக்கிளி, பேர் வந்த இடத்தில் நிறுத்தவில்லை. ஆத்திரம் தீரத் தேய்த்தாள். பிரைமர் அடித்தாள். இரண்டு கதவிலும் மலைச்சரிவு இறங்கியது, வளைவில் ஜீப் ஏறியது, ஏலச்செடிகள் நீள இலைகளை விரித்தன. பேர் இருந்த இடத்தில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்தாள். தலையில் பிளாஸ்டிக் சாக்கு, சேலைக்கு மேல் நீலக் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை, சட்டைப் பையில் மைக்கறை.

கல்யாண வேலை பார்க்க மனைவியோடு வந்த அழகுராஜா பீரோவைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"என் பேரு எங்க?"

"துருவத் தேச்சேண்ணே. அதுவும் சேந்து போயிருச்சு."

"போயிருச்சா? சபையில நாலு பேரு படிக்க வேணாமா? என் பேரு இருந்த எடத்துல எவளோ ஒரு கூலிக்காரிய உக்கார வச்சிருக்க! அவளை அழிச்சுட்டு என் பேரை எழுது. இல்லேன்னா நான் கல்யாணத்துக்கு வரல. தாய்மாமன் இல்லாம எப்படித் தாலி ஏறுதுன்னு பாக்குறேன்."

பவதாரணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிரும்மா. மாமா வரலேன்னா அந்த வீட்ல காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

மகளுக்காகச் செல்லக்கிளி பிரஷ்ஷை எடுத்தாள். வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு அந்தப் பெண்ணின் தலைக்குக் கொண்டுபோனபோது மகாராணி குறுக்கே வந்து நின்றாள். புருசன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி யாரும் கேட்டறியாதவள்.

"அவளை அழிக்காத செல்லக்கிளி." பிறகு புருசன் பக்கம் திரும்பினாள். "அது யாருன்னு தெரியலையா?"

"எவளா இருந்தா எனக்கென்ன?"

"குனிஞ்சிருக்கா, மூஞ்சி தெரியல. சரி. சட்டையுமா தெரியல? கட்டம் போட்டது, பையில மை கொட்டுனது. உங்க சட்டைதேன். அந்த வருசம் மழை பூராவும் அத மாட்டிக்கிட்டுத்தேன் இந்தப் பீரோவுக்குக் காயெடுத்தேன். இன்னைக்கும் அதத்தேன் மாட்டிக்கிட்டு உங்க கண்ணு முன்னாடி ஜீப் ஏறுறேன்."

அழகுராஜா சட்டையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். "இருந்தாலும் பேருன்னு ஒண்ணு வேணுமில்ல" என்று முனகினான்.

செல்லக்கிளிக்கு உச்சந்தலை கொதித்தது. "எழுதுறேண்ணே. பின்னாடிதேன் எடம் பெருசா கெடக்கு. பீரோவைத் திருப்பிப் போடுங்க" என்றாள்.

அவனே ஒரு பக்கம் பிடித்துத் திருப்பினான். பின்பக்கத் தகரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், பழையதைவிடப் பெரிதாக, அதே சிவப்பில் எழுதினாள். மகாராணி பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு அழகுராஜா வந்தான், முறை எல்லாம் செய்தான். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பீரோவை இறக்கும்போது தூக்கியவர்கள் அவன் பேரைச் சத்தமாகப் படித்தார்கள். அவனுக்கு மனம் நிறைந்துபோயிற்று. பிறகு எல்லார் வீட்டிலும் வைக்கிற மாதிரியே பீரோவை உள்ளே கொண்டுபோய், முதுகைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தார்கள்.