நாற்பத்திரண்டு வகைகளும் நான்கு இட்லியும்

மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு விழுப்புரம் வீட்டில் அப்பா இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். எங்கள் பயணம் அந்த நிமிடத்தில் தொடங்கியதாகவே கொள்கிறேன். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பது ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சட்டம். அன்று பேருந்துக்கு நேரமாகிவிட்டதால், அம்மா நான்கு இட்லியைப் பொட்டலம் கட்டி, "பஸ் ஏறுனதும் சாப்டுடணும்" என்று அவர் கையில் கொடுத்தார்.

திண்டிவனம் பேருந்து ஏழு இருபதுக்குப் புறப்பட்டது. ஆளுக்கு முப்பத்திரண்டு ரூபாய். அம்மாவும் நானும் முன்னால் அமர்ந்தோம். அப்பாவுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது திரும்பிப் பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த கொத்தனார் எங்கள் இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் போய்க்கொண்டிருந்த கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டு ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய். மதிய பஃபே அதில் அடக்கம். நாற்பத்திரண்டு வகைகள் கொண்ட பட்டியலை அப்பா ஒரு வாரமாகக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் இட்லிக்கு இடம் கொடுக்க அவருக்கு மனமில்லை.

அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திண்டிவனத்தோடு திரும்பிவிடுவோம். மூன்று ஆண்டுகளில் இதுதான் முதல் வெளியூர்ப் பயணம். எனக்கோ, பேசலாமா என்று யோசிப்பதற்குள் பேச வேண்டிய நேரம் கடந்துவிடும். அம்மாவின் பையில் ஒரு டப்பா நிறைய மல்லாட்டை உருண்டை இருந்தது. வேர்க்கடலையை வெல்லப் பாகில் போட்டுப் பிடித்தவை. அவற்றை நம்பிப் பேசாமல் இருந்தேன்.

எட்டு இருபத்தைந்துக்குத் திண்டிவனம். அம்மா தண்ணீர் வாங்கப் போன இடைவெளியில், "இப்பவாவது ஏதாவது சாப்பிடுங்கப்பா" என்றேன்.

"நீயும் உங்கம்மா மாதிரி ஆரம்பிக்காத பாப்பா. ஒடம்பு நல்லாதான் இருக்குது. வேணும்னா உள்ள போய் உருண்டை ஒண்ணு வாயில போட்டுக்கிறேன்."

புதுச்சேரி சாலையில் கிளியனூரைத் தாண்டிப் போக ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம ஏரியா ஆளுங்க ராட்டினத்துக்கா சார் போறாங்க? சோத்துக்குதான். காத்தால பட்டினியா வந்துக்கினு, மத்தியானம் ஏழு தட்டு அடிக்கிறாங்க."

அப்பா வெற்றி பெற்றவரைப் போல என்னைப் பார்த்தார்.

ஒன்பது ஐம்பதுக்கு வாசலில் பையைச் சோதித்த பெண் காவலர் உருண்டை டப்பாவை வெளியே எடுத்து வைத்தார். "வெளித் தீனி உள்ள விட மாட்டாங்கம்மா. சாயங்காலம் வாங்கிக்கினு போங்க. சுகர் பேஷண்ட் யாராவது இருந்தா மட்டும் சொல்லுங்க."

"அவருக்கு சுகர்தான். ஆனா சாப்டாரு, ஊசியும் போட்டுட்டாரு" என்றார் அம்மா.

அப்பா வானத்தைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. சொல்லிவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள், டப்பாவின்மேல் முப்பத்தொன்று என்று எழுதிய சீட்டை ஒட்டி அலமாரியில் வைத்தார்கள்.

அதன் பிறகு நான் எந்த ராட்டினத்தையும் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பதினொன்று பத்துக்கு எண்பது ரூபாய்க்கு அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தேன். நான்கு மணிகளைக் கொறித்துவிட்டு மீதியை அம்மாவிடம் நீட்டினார். "வயித்த ரொப்பிக்கினு போனா உள்ள எப்படி சாப்டுறது?"

பன்னிரண்டு ஐந்துக்கு பஃபே கூடத்தின் முன் கட்டியிருந்த கயிற்றருகே முதல் ஆட்களாக நின்றோம். அப்பா பூங்காவின் எந்தத் தண்ணீர் விளையாட்டிலும் இறங்கவேயில்லை. ஆனால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதாகையில் இருந்த பட்டியலைச் சத்தமாகப் படித்தவர் இறாலில் நின்றுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, திண்டிவனம் பஸ் எப்ப வரும்?" என்று கேட்டார்.

காலையில் ஏறி வந்த பஸ்ஸையே அவர் மறுபடி கேட்டதும், கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். "பன்னெண்டரைக்குதான்மா" என்று வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் வழிமறித்தார்.

"எங்கப்பாவுக்கு சுகர் எறங்கிப்போச்சு. காலையிலேர்ந்து அவர் சாப்பிடல."

அது என் குரல்தான். வரிசை முழுவதும் கேட்டது, அம்மாவும் கேட்டார். தொப்பிக்காரர் விலகி நின்று இனிப்பு மேசையைக் காட்டினார். குலாப் ஜாமூனைக் கரண்டி தேடாமல் கையால் அள்ளினேன். பாகு முழங்கைவரை வழிந்தது. தொப்பிக்காரர் நாற்காலியோடு பின்னாலேயே ஓடிவந்தார். ஆறு ஆண்டுகளாக நாங்கள் அப்பாவின் கண்ணில் படாமல் தின்றுவந்த பண்டத்தை அன்று நானே பிய்த்துப் பிய்த்து அவர் வாயில் வைத்தேன். மூன்று ஜாமூன்கள். அப்பா தெளியப் பன்னிரண்டு நிமிடங்கள்.

"ஏலக்காய் போட்டுருக்காங்க" என்றார் அப்பா.

"இட்லி எங்க?" என்றார் அம்மா.

"பக்கத்துல இருந்தவரு பசியா இருந்தாருமா."

"அவரு ஒங்களுக்கு மாமனா, மச்சானா?" என்ற அம்மா என்னைப் பார்த்து, "நீ பாத்தியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அதற்குமேல் அவர் என்னிடம் எதுவும் கேட்காததுதான் அன்றைய பெரிய தண்டனை.

பன்னிரண்டரைக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். அப்பாவின் தட்டை அம்மாவே நிரப்பினார்: சோறு, வஞ்சிரம் வறுவல், கீரை. மறு தட்டுக்கு அப்பா எழவில்லை. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அந்த நிலையிலும் இறால் தொக்கு ருசித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சின்ன வெங்காயம் கரைந்து, எண்ணெய் பிரிந்து, விரலில் சிவப்பு ஏறியிருந்தது. அப்பா என் தட்டை ஆசையோடு பார்த்தார். இரண்டு இறாலை அவர் பக்கம் நகர்த்தினேன். அம்மா பார்த்தும் பாராதவர்போல இருந்தார்.

ஐந்தரைக்கு முப்பத்தொன்றாம் எண் டப்பாவைத் திரும்பப் பெற்றோம். திரும்பும் பேருந்தில் அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தபடியே மடியில் வைத்திருந்தார். நாற்பத்திரண்டு வகைகளில் நாங்கள் தொட்டவை பத்துகூட இராது. வீட்டில் ஒரே வகைதான். ஆனால் அதற்குக் கயிறு கட்டி யாரும் காக்க வைப்பதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான்கு இட்லியை அப்பா முன் வைத்துவிட்டுத்தான் ஊசிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"இங்க பக்கத்துல யாரும் இல்லையே பாப்பா" என்றார்.

நான்காவது இட்லி முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.