எழுதக் கூடாத வீட்டுப்பாடம்

எங்கள் அக்கா மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்க்கையை வரிசையாகச் சொல்ல நினைத்தேன். எதற்கும் நாள், கிழமை குறித்து வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. "தம்பி தும்முனாக்கூடத் தேதி போட்டுத்தான் தும்முவான்" என்று அக்கா கேலி செய்வார். ஆகவே இம்முறை தேதிகளை விட்டுவிட்டு, நடந்தவற்றை நடந்த வரிசையில் மட்டும் எழுதுகிறேன்.

உப்பூருக்கு மேற்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பிய ஒரு சிற்றூரில், அய்யாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகத் தை மாதத்தில் பிறந்தார் அக்கா. மழை பொய்த்த ஆண்டுகளில் நெல் கிடையாது, மிளகாய்தான். பள்ளி விட்டதும் பழம் பறிக்கப் போவோம். திரும்பி வந்து அக்கா வீட்டுப்பாடம் எழுதுவார். பாடம் முழுவதையும் ஐந்து முறை எழுதி வரச் சொல்வது அப்போதைய வழக்கம். மிளகாய்க் காந்தல் ஏறிய விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதுவார். அழுகிறாரா, கண் எரிகிறதா என்று அம்மாவுக்கே தெரியாது. பின்னாளில் நான் கேட்டபோது, "ரெண்டுந்தான்" என்றார்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, பல ஆண்டுகள் காத்திருந்து வேலைக்குப் போனார். மாரியூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், காரணம் கீழே வருகிறது. அத்தான் சாயல்குடியில் வீடு பார்த்தார். அக்கா கடைசிவரை அங்கிருந்தே பேருந்தில் போய் வந்தார்.

அவர் பணிக்காலத்தில் பாடத்திட்டம் சில முறை மாறியது. மற்ற ஆசிரியர்கள் அலுத்துக்கொள்ளும்போது, அக்கா கோடை விடுமுறையிலேயே புதிய நூலைப் படித்து முடித்திருப்பார். கடைசியாக வந்த வண்ணப் பாடநூல் அவருக்கு மிகவும் பிடித்தது. பார்த்து எழுதும் வேலை குறைந்து, பிள்ளைகளே செய்து பார்க்கும் செயல்திட்டங்கள் அதில் கூடியிருந்தன. "இப்பத்தான் புஸ்தகம் பிள்ளையப் பாத்துப் பேசுதுடா தம்பி" என்று தொலைபேசியில் சொன்னார்.

வரைபடப் பாடம் நடந்தது புரட்டாசியில். "உங்க அப்பா எங்கன வலை போடுறாங்கன்னு கேட்டு, வரைஞ்சுட்டு வாங்க" என்று ஏழாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். எந்த வீட்டுப்பாடத்தையும் அந்தப் பிள்ளைகள் அவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை. மாதா கோயில், ஒற்றைப் பனை, செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் கரையில் வரைந்து, அங்கிருந்து கடலுக்குள் கோடு இழுத்து, கடலடிப் பாறைத் திட்டுகளைப் பெயரோடு குறித்து வந்தார்கள். அந்தத் திட்டுக்கு அங்கே 'பார்' என்று பெயர். மீன் அடைவது அதில்தான். அக்கா எல்லாப் படங்களையும் வகுப்புச் சுவரில் ஒட்டினார்.

பார் இருக்கும் இடம் அந்தந்தக் குடும்பத்தின் ரகசியம் என்பது வயக்காட்டில் வளர்ந்த அக்காவுக்குத் தெரியாது. அண்ணன் தம்பிக்குள்கூட அதைச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தன்று, அந்தோணி என்பவர் தம் மகள் ஜெனிபர் வரைந்த படத்தின் முன் வந்து நின்றார். அவருடைய சித்தப்பா மகன் முன்னமே அங்கே நின்று, அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, இத்தன வருசமா எனக்குப் போக்குக் காட்டிட்டு இங்கனதான் போறியா?"

"ஒன் மவன் வரஞ்சதையும் நான் பாத்துட்டேன்லே" என்றார் அந்தோணி.

சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு தத்தம் வீட்டுப் படத்தைத் தேடினார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

"டீச்சர், இத ஆருக்குக் குடுக்க எடுக்குறீக?" என்று அந்தோணி அக்காவிடம் திரும்பினார். "வேன் வந்து கூட்டிட்டுப் போற பள்ளிக்கூடத்துல அஞ்சு பக்கம் எழுதக் குடுக்குறாக. அதுல ஒரு வில்லங்கமும் இல்ல. எம் பிள்ளைக்கு டீசியக் குடுங்க."

மற்றவர்களும் அதையே கேட்டார்கள். பள்ளியில் இருந்ததே கொஞ்சம் பிள்ளைகள். ஒரு வகுப்பு கலைந்தால் பள்ளியே நிலைக்காது. வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பெண் பிள்ளைகள் படிப்பை அத்தோடு விட்டுவிடுவார்கள். அக்காவின் பயம் அதுதான்.

அன்று மாலையே படங்களைப் பிரித்தெடுத்து, அத்தானையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். அந்தோணி வீட்டு வாசலில் நடந்ததை அத்தான் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"தெரியாமச் செஞ்சுட்டேண்ணே. எங்க ஊருல கண்மாய் எங்கன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். கடலையும் அப்படியே நெனச்சுட்டேன்" என்றார் அக்கா.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஸ்டெல்லா வந்தார்.

"படம் வேணாம் டீச்சர். ஆனா கேள்விய நிப்பாட்டிராதீக. இந்த மனுசன் பிள்ளகிட்ட உக்காந்து பேசுனதே அன்னைக்குத்தான். இல்லாட்டி வருவாரு, திம்பாரு, ஒறங்குவாரு."

"நான் என்னத்தப் பேச? படிச்சா இருக்கேன்?"

"அன்னைக்கு மட்டும் மூடுன வாயி தொறந்துச்சே."

அந்தோணியே சிரித்துவிட்டாராம்.

அடுத்த திங்கள் முதல் அக்காவின் வகுப்பில் வீட்டுப்பாடம் ஒரே கேள்வி. வீட்டில் கேட்க வேண்டும், மறுநாள் வாயால் சொல்ல வேண்டும், எழுதக் கூடாது. "வெளிய சொல்ல வேணாம்னு சொன்னாக" என்பதும் சரியான பதில்தான். எழுத்தும் கணக்கும் பள்ளி நேரத்திலேயே முடிந்துவிடும். டீசி கேட்டவர்களில் இரண்டு வீட்டார் போய்விட்டார்கள். மற்றவர்கள் இருந்தார்கள், பள்ளியும் இருக்கிறது. இந்தக் கேள்வி முறை கொரோனாவில் பள்ளி மூடியபோது தொடங்கியது என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. வரைபடச் சண்டைதான் முந்தியது.

பிள்ளைகளுக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் வேண்டும் என்பது பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். படித்தவர்கள் ஒத்துப்போவதில்லை. நானும் அக்காவிடம் வாதாடியிருக்கிறேன். "எழுதாட்டா கையெழுத்து கெட்டுப்போகாதா?" என்பேன். "அதுக்குத்தான் பகல் பூரா என்கிட்ட இருக்குதுகளே. வீட்டுல ஒல கொதிக்கிற நேரம் போதும்" என்பார். இப்போது அந்த வகுப்பை எடுக்கும் ஆசிரியையும் தினம் ஒரு கேள்வி கொடுத்து அனுப்புகிறார்.

சில ஆண்டுகளுக்குப் பின் வந்த நோய் முற்றி, ராமநாதபுரம் மருத்துவமனையிலிருந்து அக்காவைச் சாயல்குடிக்கே கொண்டுவந்தோம். ஸ்டெல்லா மீன் ரசம் கொண்டுவந்து ஊட்டினார். ஒரு நாள் கல்லூரியிலிருந்து ஜெனிபர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"டீச்சர், இன்னைக்கு என்ன கேள்வி?"

அக்கா என் பக்கம் கை காட்டினார். "கேள்வி அவனுக்கு. தம்பி, எனக்கு ஆரு ஆரு என்ன செஞ்சாகன்னு கேட்டுட்டு வா. எழுதிராத, தேதியும் போட்றாத. வாயால சொல்லணும்."

"சார், நாளைக்கே சொல்லணும்" என்றாள் ஜெனிபர்.

நான் கேட்டு முடிப்பதற்குள் அக்கா போய்விட்டார். ஆனாலும் இந்த ஓராண்டும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். மருத்துவமனையில் முறை வைத்து விழித்திருந்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், கடைசிப் பயணத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டவர்கள் யார் யார் என்று இப்போது எனக்குத் தெரியும். கொடுத்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்றவர்கள் சிலர். அதுவும் சரியான பதில்தான்.

ஆகவே இந்த மலரில் நன்றிப் பட்டியல் அச்சாகவில்லை. உங்கள் வீட்டுக்கு நானே வந்து வாயால் சொல்கிறேன். கடற்கரை ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அன்று நீங்கள் கடலுக்குப் போவதில்லை. உலை வைத்துவிட்டு உட்காருங்கள். அந்த நேரம் போதும்.

தம்பி