மாதிரி வீட்டில் பதினாலு மாதம்

திரைச்சீலைக் கடையில் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவளிடம் ஒரு தடவை பேசியவர்கள் காரணம் வேறு என்பார்கள்.

அவள் புருஷன் டைல்ஸ் போடுகிறவன். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டம் எப்போதும் அவன் பையில் இருக்கும். கடையில் டீ குடிக்கப் போனால்கூட மேஜை மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவான். கட்டட வேலைக்காரர்கள் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதுவும் நீளம் என்று தோன்றி மட்டம் ஆக்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஊசியின் அக்கா, "ஏண்டி, அந்த ஆள எல்லாரும் மட்டம் மட்டம்னு சொல்றாங்களே, நல்லா விசாரிச்சியா?" என்று கவலைப்பட்டதுண்டு. வேலைக்கு ஒரு நாளும் மட்டம் போடாத மட்டம் என்று தெரிந்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது.

கல்யாணமான இரண்டாம் வருஷம் மட்டம் ஒரு பழைய வேன் வாங்கினான். டைல்ஸ் பெட்டிகளைத் தன் வண்டியிலேயே ஏற்றி இறக்கினால் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்பது அவன் போட்ட கணக்கு. கணக்கு சரிதான். வேன்தான் சரியில்லை. மூன்றாம் மாதம் மேம்பாலத்தின் நட்டநடுவில் புகையைக் கக்கிவிட்டு நின்றது. மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார். மட்டம் சொன்னான். மெக்கானிக் மூடியை மெதுவாக மூடினார்.

வேன் பழைய இரும்பு விலைக்குப் போனது. அதற்கு வாங்கிய கடன் மட்டும் எங்கேயும் போகாமல் நான்கு வருஷத் தவணையாக அவர்களோடு குடியிருந்தது. ஒற்றை அறைக்கு வாடகை, வேனுக்குத் தவணை, மிச்சத்தில் சாப்பாடு என்று ஓடியது வாழ்க்கை. சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டும் என்ற பேச்சு இருவருக்கும் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று ஓர் ஒப்பந்தமும் உண்டு.

இப்படி இரண்டரை வருஷம் போன பிறகு, ஊருக்கு வெளியே எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஊசிக்குத் திரை மாட்டும் வேலை வந்தது. கட்டடம் முழுக்க வெறும் சிமெண்ட். இரண்டாம் மாடியில் ஒரே ஒரு வீடு மட்டும் பெயிண்ட், விளக்கு, சோபா, கட்டில் என்று மினுமினுத்தது. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கான மாதிரி வீடு. அதன் தரை மட்டம் போட்டது. ஜன்னல்களுக்குத் திரை ஊசி தைத்தது.

அவள் ஏணி மேல் நின்று திரை மாட்டிக்கொண்டிருந்தபோது, விற்பனை மேனேஜர் கீழே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். டை கட்டிய, எப்போதும் வேர்த்துக்கொண்டிருக்கும் மனிதர்.

"ராத்திரியோட ராத்திரியா பாத்ரூம் குழாயைக் கழட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. போன வாரம் ஷவர். இப்படியே போனா ஒருநாள் கதவையும் கழட்டிடுவாங்க. யாராவது நம்பிக்கையான ஆள் இங்கேயே தங்கினா நல்லா இருக்கும்."

"வாடகை?" என்றாள் ஊசி, ஏணியிலிருந்தபடியே.

"வாடகையா? காவலுக்கு யாராச்சும் வாடகை குடுப்பாங்களா?"

"அப்ப நாங்க இருக்கோம் சார்."

ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான் புருஷனைக் கேட்கவில்லையே என்பது ஞாபகம் வந்தது. கேட்டபோது மட்டம் சொன்னது ஒரே வரி. "நான் போட்ட தரையில நானே படுக்கப் போறேன்."

நிபந்தனைகள் பலமாக இருந்தன. காலை ஒன்பது மணிக்குள் மனிதர் வாழ்ந்த சுவடே தெரியக்கூடாது. சமையல் வாசனை கூடாது. பால்கனியில் துணி காயக்கூடாது. மேஜை மேல் இருக்கும் கண்ணாடிப் பழங்களைத் தொடக்கூடாது.

குடிவந்த அன்று இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். டி.வி. வெறும் அட்டை. அலமாரியிலிருந்து ஊசி ஒரு புத்தகத்தை இழுத்தாள். வரிசை மொத்தமும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. எல்லாம் முதுகு மட்டும், உள்ளே தாள் கிடையாது. வாஷிங் மெஷின் வெறும் கூடு. மட்டம் கட்டிலில் படுத்துப் பார்த்தான். கணுக்காலுக்குக் கீழே காற்றில் தொங்கியது. எழுந்து டேப்பை எடுத்து அளந்தான்.

"ஊசி, இந்தக் கட்டில் அரை அடி குட்டை. சோபாவும் குட்டை. சாப்பாட்டு மேஜைகூட ஒரு சாண் கம்மி."

"ஏங்க, எதுக்கு இப்படி?"

"ரூம் பெருசா தெரியணும்ல."

ஊசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து அவர்கள் தங்கள் பழைய மெத்தையைத் தரையில் விரித்துப் படுத்தார்கள். காலையில் அதைச் சுருட்டிப் பரண் மேல் ஏற்றுவார்கள். அடுப்பு, தட்டு, ஈரச் சட்டை எல்லாம் வாஷிங் மெஷினுக்குள் போகும். சாயங்காலம் திரும்பியதும் அட்டை டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன ஓடுது?" என்பாள் அவள். "நேத்து ஓடினதேதான்" என்பான் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு பார்க்க வந்த ஓர் அம்மாள் வாஷிங் மெஷினைத் திறந்துவிட்டார். உள்ளே முட்டை பொரித்த வாணலி. மேனேஜர் கண் இமைக்காமல், "பாத்திரமும் இதுலயே கழுவிக்கலாங்க, புது மாடல்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஊசி அவர் கண்ணில் படாமல் நடமாடினாள்.

வாடகைக் காசு முழுவதும் தவணைக்குப் போனது. மாதம் ஒன்று கட்டிய இடத்தில் இரண்டு கட்டினார்கள். ஏழாவது மாதம் வந்தபோது வேன் கடனில் பாக்கி நான்கே தவணைதான். இன்னும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டால் தீர்ந்தது. ஊசி வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம்.

சொல்லாமலும் ஆயிற்று. ஒரு புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல். மட்டம் ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டான். அவள் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவைத்து, தரையைத் துடைத்து, ஒரு நிமிஷம் சோபாவில் சாயலாம் என்று சாய்ந்தாள். சாவி திரும்பும் சத்தம் கேட்டபோது மணி பத்தரை.

கதவைத் திறந்த மேனேஜருக்கு அதே நேரத்தில் போன் வந்தது. "நீங்க உள்ள போய்ப் பாருங்க, ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவர் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். உள்ளே வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. கைத்தடி ஊன்றி நடந்தார். சோபாவில் தலை கலைந்து எழுந்து உட்கார்ந்த ஊசியைப் பார்த்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

"மன்னிச்சுக்கம்மா, யாரோ குடியிருக்காங்கன்னு தெரியாது" என்றார் டிரைவர்.

"குடியெல்லாம் இல்ல ஐயா. காவலுக்கு இருக்கோம்."

அந்த அம்மா முகம் மலர்ந்தார். "அப்ப உனக்குத் தெரியும்ல? நிஜத்த சொல்லும்மா. வீடு எப்படி இருக்கு?"

காய்ச்சலோ, கேட்ட விதமோ, ஊசியின் வாய் திறந்துகொண்டது.

"தண்ணி நல்லா வரும்மா. சமையல் ரூம்ல காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், அடுப்பே அணைஞ்சுடும். ஆனா இந்தப் படுக்கை ரூம்ல மத்தியானம் வெயில் நேரா முகத்துல விழும், உங்களால தூங்க முடியாது. கட்டிலப் பாத்து ஏமாந்துடாதீங்க. அது குட்டைக் கட்டில். உங்க வீட்டுக் கட்டிலப் போட்டா அலமாரிக் கதவு திறக்காது. வாங்குறதா இருந்தா முதல் மாடியில கிழக்கு பாத்த வீட்ட வாங்குங்க. வெயிலும் கம்மி, படியும் கம்மி, லிஃப்ட் ரிப்பேரானாலும் கவலை இல்ல."

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் தொண்டையைச் செருமினார். "யோசிச்சு சொல்றோம் சார்" என்று இருவரும் இறங்கிப் போனார்கள்.

"ஏழு மாசமா சும்மா தங்க இடம் குடுத்ததுக்கு நல்லா செஞ்சீங்கம்மா" என்றார் மேனேஜர். கத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. "முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க."

மத்தியானம் முழுக்க ஊசி தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். வேறு வீடு பார்க்க முன்பணம் வேண்டும். முன்பணம் கொடுத்தால் தவணை நிற்கும். நாக்கை அடக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று அழுகை வந்தது. மட்டம் வந்ததும் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "மாத்திரை போட்டியா?"

"நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க என்ன கேக்குறீங்க?"

"கட்டில் குட்டைதானே?"

"ஆமா."

"குட்டைன்னுதானே சொன்ன? நெட்டைன்னு சொல்லியிருந்தா திட்டலாம்." ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான், "பத்து மாடிக் கட்டடம் கட்டுறாங்க, ஒரு ஒல்லிப் பொண்ணு வாய் திறந்தா விழுந்துடுமாமா?"

வெள்ளிக்கிழமை பெட்டி கட்டினார்கள். சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. காலி செய்யச் சொல்லி அவசரப்படுத்த மேனேஜர் வந்திருக்கிறார் என்று நினைத்து ஊசி கதவைத் திறந்தாள். மேனேஜர்தான். ஆனால் கையில் ஆரஞ்சுப் பழப் பை.

"காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?"

அவருக்குப் பின்னால் பஸ் டிரைவரும் அந்த அம்மாவும் நின்றார்கள். முதல் மாடி கிழக்கு வீட்டுக்கு அன்றைக்குக் காலையில்தான் முன்பணம் கட்டியிருந்தார்கள். டிரைவரின் மைத்துனரும் அதே மாடியில் ஒன்று எடுக்கப் போகிறாராம்.

"நாலு இடம் பாத்துட்டோம்" என்றார் டிரைவர். "எல்லாரும் குறையே இல்லாத வீடுன்னாங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். பிரேக் எங்க பிடிக்காதுன்னு சொல்ற மெக்கானிக்கத்தான் நம்புவேன்."

அந்த அம்மா தன் பங்குக்கு ஆறு ஜன்னலுக்கும் திரை தைக்கச் சொல்லி ஊசியிடம் அளவைக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு மேனேஜர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார். "ஞாயித்துக்கிழமையில வர்றவங்களுக்கு நீங்களே வீட்டக் காட்டுங்க. வித்தா கமிஷன் தர்றேன். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"குட்டைக் கட்டில மாத்துங்க சார்."

"அது மட்டும் முடியாதும்மா. மொத்தமா பத்து வாங்கி வச்சிருக்கோம்."

"அப்ப யாராவது கேட்டா நிஜத்த சொல்லுவேன்."

மேனேஜர் கண்ணாடிப் பழம் ஒன்றை நகர்த்தி நேராக வைத்தார். "கேட்டா சொல்லுங்க. கேக்காதவங்ககிட்ட ஓடிப் போய்ச் சொல்லாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நானே மாமனார் வீட்டு மாடியிலதான் இருக்கேன். எனக்கும் ஒரு வீடு பாக்கணும். நல்ல மூலையா ஒண்ணு இருந்தா சொல்லுங்க" என்றார்.

கட்டிய பெட்டிகளை அன்று மத்தியானமே பிரித்தார்கள்.

ஒன்பதாம் மாதம் வேன் கடன் தீர்ந்தது. கடன் கொடுத்த அலுவலகத்தில் முத்திரை குத்திக் கொடுத்த காகிதத்தை மட்டம் பஸ்ஸில் நான்கு தடவை படித்தான். ஊசிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். அவள் பெரியதாகக் கேட்டாள். அன்றிலிருந்து வாடகை மிச்சம், தவணை மிச்சம், ஞாயிற்றுக்கிழமைக் கமிஷன் எல்லாம் சேமிப்புக்குப் போனது. பதினொரு வீடுகள் ஊசியின் வாயால் விற்றன. ஒருவர் மட்டும் வெயிலைப் பற்றிக் கேட்டுவிட்டு ஓடிப்போனார்.

தாங்கள் காட்டிய வீட்டைத் தாங்களே வாங்க அவர்களால் முடியாது. அதில் இருவருக்கும் வருத்தம் இல்லை. பதினாலாம் மாதம் அவர்களுக்குக் கிடைத்தது ஊருக்குள், அச்சகத்துக்குப் பின்னால், பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. இரண்டே அறை. லிஃப்ட் கிடையாது. பகலெல்லாம் அச்சு இயந்திரத்தின் தடதட சத்தம். ஊசி விற்பவரையே மடக்கி, குறைகளை ஒவ்வொன்றாக அவர் வாயாலேயே சொல்லவைத்து, ஒவ்வொன்றுக்கும் விலையில் கொஞ்சம் குறைத்தாள். கையெழுத்துப் போடும்போது அந்த மனிதர், "உங்க வீட்டுக்காரம்மாவ நான் முதல்ல பாத்திருந்தா வீட்ட விக்கவே வந்திருக்க மாட்டேன்" என்று மட்டத்திடம் சொன்னார். சேமிப்பு போதாத இடத்தில் வங்கிக் கடன் உண்டு. பன்னிரண்டு வருஷம் கட்ட வேண்டும். ஆனால் இந்தக் கடனுக்குள் படுத்துத் தூங்கலாம், வேனில் அது முடியாது என்றாள் ஊசி.

சாமான் வந்து இறங்கிய ஞாயிறு காலை, அவள் சமையல் அறையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் மட்டம் வெறும் சுவரின் நடுவில் ஓர் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குங்க ஆணி?"

"தெரியல." ஒரு அடி பின்னால் போய் நின்று ஆணியைப் பார்த்தான். "இத்தனை வருஷம் யாரோ ஒருத்தர் சுவரு. யாரும் கேக்க மாட்டாங்கல்ல, அதான் அடிச்சேன்."

அவள் கையை நீட்டிச் சுத்தியலை வாங்கினாள். பக்கத்திலேயே தானும் ஓர் ஆணி அடித்தாள். அது கோணலாக இறங்கியது; அவள் விரலிலும் ஒன்று விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் மாதிரி வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு, மூன்று மாடியையும் அவசர அவசரமாக இறங்கி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.