நாலாவது கோடு எங்கிட்டு போகும்?

எம் மருமக ரஞ்சிதா கீரமங்கலத்துல தையக்கடை வச்சிருக்கா. அவ வெட்டித் தைப்பா, நான் கொக்கி கட்டுவேன். அழுத்தக்காரி. எம்புட்டு திட்டினாலும் "சரிங்கத்தை"ன்னுட்டு அவ வேலையைத்தான் பாப்பா. எனக்கு அப்படி இருக்க வராது, வாய் சும்மா கெடக்காது.

கல்யாணப் பத்திரிகையில அவ பேருக்குப் பின்னாடி எம்.எஸ்சி.ன்னு போட்டிருந்துச்சு. குளத்தூர்ல இருக்க அவ அப்பா, எங்க சம்பந்தி செல்லமுத்து, ரிசல்ட் வர்றதுக்கு முந்தியே அச்சடிச்சுட்டாரு. பத்திரிகையில படிப்பு போடலைன்னா நம்ம பக்கம் மதிப்பு ஏது? தாலி கட்டின கையோட ரிசல்ட் வந்துச்சு. கணக்குல ஒரு பேப்பர் போயிருச்சு. அப்பறம் எழுதுறா, எழுதுறா, அது மட்டும் கெடைக்கவே இல்லை. சொந்தக்காரங்க யாராச்சும் "எம்.எஸ்சி. படிச்ச பொண்ணு"ன்னு சொன்னா அவ முகம் செத்துப்போகும். சம்பந்தியும் கூசிப்போய் எங்க வீட்டுப் பக்கம் வர்றதைக் கொறைச்சுக்கிட்டாரு. போன வருஷம், இதுதான் கடைசி வாய்ப்புன்னு யுனிவர்சிட்டியில சொல்லிட்டாங்க.

ஒரு மத்தியானம் மிஷினை நிறுத்திட்டு செவுத்து மூலையையே பாத்துக்கிட்டு இருந்தா. "என்னடி, பல்லியா?"ன்னேன்.

"இல்லங்கத்தை. இந்த மூலையில மூணு கோடு சேருது. நீளம், அகலம், உயரம். நாலாவது கோடு எங்கிட்டு போகும்? புத்தகத்துல நாலு பரிமாணம், ஏழு பரிமாணம்னு போய்க்கிட்டே இருக்கு. எனக்குக் கண்ணுக்குள்ள ஒண்ணும் வரமாட்டேங்குது."

"செவுத்தை இடிச்சுக்கிட்டுத்தான் போகணும்"னேன். சிரிக்கக்கூட இல்லை, பாவம்.

அந்த வாரம் எதுத்த தெரு அழகம்மாள் தன் மக கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொண்டாந்தா. பொண்ணு பிரகதீஸ்வரி கோயம்புத்தூர்ல வேலை. கல்யாணத்துக்கு மொத நாள்தான் வருவாளாம். நம்ம ஊருல யாரு டேப்பு வச்சு அளக்க விடுறா, பழைய ஜாக்கெட்டைத்தான் அளவுக்குக் குடுப்பாக. இவ குடுத்தது பொண்ணு பள்ளிக்கூடத்துல படிக்கும்போது தச்சது. "இதைப் பொம்மைக்குக்கூட மாட்ட முடியாதே"ன்னேன்.

ரஞ்சிதா பொண்ணுக்கே போன் போட்டு, ஹாஸ்டல் பிள்ளைங்களை விட்டு அளக்கச் சொன்னா. நீளம், மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கை சுத்து, கழுத்து எறக்கம்னு ஏழு நம்பர் வந்துச்சு. ஆனாலும் பட்டுல கத்திரி வைக்கப் பயம். லைனிங் துணியில ஒண்ணு தச்சு, அந்த ஒடம்பு மாதிரி உள்ள ஆளுக்குப் போட்டுப் பாக்கணும்னா.

"மார்பு முப்பத்திநாலுதானே, பக்கத்து வீட்டு இன்னாசி சம்சாரத்துக்கும் அதேதான்"னேன்.

"ஒண்ணு மட்டும் ஒத்தா ஆச்சா? தோளு ரெண்டு இஞ்ச் தள்ளி நிக்குங்கத்தை."

கடையில கெடந்த அளவு ஜாக்கெட்டையெல்லாம் எடுத்து ஏழையும் ஒப்பிட்டுப் பாத்தா. எதுவும் சேரலை. கடைசியில டேப்பு எங்கிட்ட வந்துச்சு. அங்க கால் இஞ்ச், இங்க அரை இஞ்ச், அம்புட்டுத்தான் வித்தியாசம். கல்யாணப் பொண்ணுக்கும் எனக்கும் பொருத்தம், எங்க போய்ச் சொல்ல!

லைனிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறேன், குண்டூசி குத்திக்கிட்டு இருந்தவ கை நின்னுபோச்சு.

"அத்தை, நீங்க ஒரு புள்ளி."

"புள்ளியா? மாமியாளைப் பாத்து சொல்ற பேச்சா இது?"

"இந்த ரூம்ல ஒரு எடத்தைச் சொல்ல மூணு நம்பர் வேணும். ஒங்களைச் சொல்ல ஏழு வேணும். அந்தப் பொண்ணு இன்னொரு புள்ளி. யாரு கிட்டக்க இருக்கான்னுதானே இம்புட்டு நேரமும் தேடுனேன்?" ஒவ்வொரு அளவுலயும் உள்ள வித்தியாசத்தை அதாலயே பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தா தூரமாம். மூணு நம்பருக்குச் செய்யிற அதே கணக்குதானாம், ஏழுன்னா கூட நாலைச் சேத்துக்கணுமாம். "நாலாவது கோட்டைக் கண்ணால பாக்கணும்னு கெடந்தேன். பாக்க வேண்டியதே இல்லங்கத்தை. தைக்கையில நான் எந்தக் கோட்டைப் பாத்தேன்?"

எனக்கு அது முழுசா வெளங்கலை. ஆனா அவ மொகத்துல இருந்த தெளிச்சி வெளங்குச்சு. பரீச்சை முடியிற வரைக்கும் ரெண்டு மாசம் கொக்கியோட சமையலையும் நானே பாத்துக்கிட்டேன். முணுமுணுத்துக்கிட்டேதான்.

ரிசல்ட் அன்னைக்கு போனை எங்கிட்ட நீட்டுனா. பாஸுன்னு போட்டிருந்துச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சுபோச்சு. "வெளக்கேத்துடி"ன்னேன். அவ காதுலயே விழுகலை. ஸ்பீக்கரைப் போட்டு அவ அப்பாவைக் கூப்பிட்டா.

"அப்பா, பத்திரிகையில போட்டது இப்ப நெசமாயிருச்சுப்பா."

 அந்தப் பக்கம் சம்பந்தி, "நாளைக்கு ஒங்க வீட்டுக்கு வரட்டுமாம்மா?"ன்னு கேட்டாரு.